காமராசர் செத்த அன்னிக்குப் பொறந்த அத்தை

மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புதுசா வந்திருக்கிற டேமேஜர் வேற, ஞாயித்துக்கிழமையும் மீட்டிங் வைக்கிற ரகம். கடை காத்தாடுதேன்னு வந்து பார்த்துட்டுப் போன நாலஞ்சு பேரும் (அட, அவ்ளோ பேராவது இருப்பீங்கல்ல?) மன்னிச்சுக்குங்க. இன்னிக்குக் கொசுவத்தியைக் கொளுத்தி வச்சுட்டு எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க ஊர் இலுப்பூர். புதுக்கோட்டை மாவட்டம். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை"ன்னு சொல்வாங்களே, அந்த இலுப்பைதான் ஊர்ப் பேர்லயே இருக்கு. விராலிமலைலேருந்து அன்னவாசல் போகணும்னா எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். இந்த ரூட்டை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில தேவைப்படும்.

எங்க வீட்ல பெரியவங்க யாருக்கும் பொறந்தநாள் கிடையாது. அதாவது பொறந்தாங்க, ஆனா தேதி தெரியாது. தாத்தா, அப்பாயி, அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் சர்டிபிகேட்ல ஜூன் மாசம் ஏதோ ஒரு தேதி இருக்கும். பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறப்ப வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டா அஞ்சு வயசு ஆயிருச்சுன்னு வாத்தியார் குத்துமதிப்பா எழுதின தேதி. அப்பா எப்ப பொறந்தார்னு அப்பாயிகிட்டக் கேட்டா, "நம்ம செவலைப் பசு மொதக் கன்னு போட்டுச்சே, அதுக்கு மறு வாரம்"னு சொல்லும். செவலைப் பசுவுக்கு ஏது பர்த் சர்டிபிகேட்?

இதுல தப்பிச்ச ஒரே ஆள் எங்க அத்தை. அப்பாவோட ஒரே தங்கச்சி. ஏன்னா அது பொறந்தது காமராசர் இறந்த அன்னிக்கு. 1975 அக்டோபர் 2. காந்தி பொறந்த தேதியிலயே காமராசர் போய்ச் சேர்ந்தது ஊருக்கே தெரியும். அப்பாயிக்கு ராத்திரி வலி எடுத்தப்ப, மருத்துவச்சியைக் கூப்பிடப் போன தாத்தா, டீக்கடை ரேடியோ முன்னாடி அழுதுகிட்டு நின்ன கூட்டத்துல அவரும் நின்னு அழுதுட்டு, வந்த வேலையையே மறந்துட்டாராம். திரும்பி வந்து பார்த்தா பொண்ணு பொறந்து கெடக்கு. "பள்ளிக்கூடத்துல சோறு போட்ட மகராசன் போன நேரத்துல வந்திருக்கு, சோத்துக்குக் கஷ்டம் வராது"ன்னு அப்பாயி சொல்லிச்சாம். (அத்தை சர்டிபிகேட்லயும் ஜூன் மாசம்தான். வாத்தியார் அசரலை!)

அதனால எங்க குடும்பத்துக்கு அக்டோபர் 2 தான் பொதுவான பொறந்தநாள். காலாண்டு லீவு, அரசு விடுமுறை, அத்தை பொறந்தநாள், மூணும் ஒண்ணா வந்துரும். திருப்பூர்லேருந்து சித்தப்பா குடும்பம், விராலிமலைலேருந்து அத்தை குடும்பம் எல்லாம் இலுப்பூர்ல ஆஜர். ஒரே கேக். தாத்தாதான் பேக்கரியில ஆர்டர் குடுக்கப் போவார். மொத வருசம் "யார் பேர் எழுதணும்?"னு பேக்கரிக்காரர் கேட்டிருக்கார். "எல்லாரும்னு எழுதுப்பா"ன்னுட்டார் தாத்தா. அவரும் அப்படியே எழுதிட்டார். ரோஸ் கலர் பட்டர் கிரீம்ல 'எல்லாரும்'. அதுக்கப்புறம் வருசா வருசம் அதே வாசகம்தான்.

கேக்ல ரெண்டு சிக்கல் வரும். ஒண்ணு, புரட்டாசி மாசம். "இதுல முட்டை போட்ருக்கானா?"ன்னு அப்பாயி கேக்கும். "சேச்சே, மைதா மாவு, சீனி, அவ்வளவுதான்"னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லுவோம். ரெண்டாவது, மெழுகுவத்தி. வெளக்கை ஊதி அணைக்கிறது என்ன பழக்கம்னு தாத்தா விடமாட்டார். ஏத்தி வச்சு, அதா எரிஞ்சு அடங்கற வரைக்கும் காத்திருக்கணும். நாங்க பொடிசுங்க எச்சில் ஊறச் சுத்தி உக்காந்திருப்போம். மெழுகு உருகிப் பாதி கிரீம் மேல ஊத்திரும். அந்த மெழுகையும் தின்ன ஆளு நானு.

கேக் முடிஞ்சதும் டூர். எங்கப்பா இலுப்பூர்ல சைக்கிள் கடை வச்சிருக்கார். அப்பல்லாம் வாடகை சைக்கிளும் உண்டு, மணிக்கணக்கு. அன்னிக்கு ஒரு நாள் வாடகை கிடையாது, எல்லா சைக்கிளும் வீட்டுக்கு. முந்தின நாளே அப்பா ஒவ்வொரு வீலா ஸ்டாண்டுல மாட்டி, கம்பி முறுக்கிக் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வரிசையா நிறுத்தி வச்சிருப்பார். ஒம்போது சைக்கிள். எனக்கு அரை சைக்கிள். அத்தைக்கு கடைல இருந்த ஒரே லேடீஸ் சைக்கிள், கேரியர்ல அத்தை பொண்ணு. (அத்தை பொண்ணுன்னதும் யாரும் பாட்டு போட வேணாம். என்னைவிட மூணு வயசு சின்னது, என்னை எப்பவும் 'டேய்'தான்.) தாத்தாவும் அப்பாயியும் புளிசோத்துத் தூக்குவாளியோட பஸ்ல வந்துருவாங்க.

பெரும்பாலும் சித்தன்னவாசல்தான். சில வருசம் குடுமியான்மலை, ஒரு தடவை நார்த்தாமலை. வெளியூர்க்காரங்களுக்குச் சித்தன்னவாசல்னா பாடப்புத்தகத்துல வந்த ஓவியம். எங்களுக்குப் புளிசோறு. அது என்ன இடம்னு புரிஞ்சதே காலேஜ் போனப்புறம்தான். பாறையைக் குடைஞ்சு செஞ்ச சமணக் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டுல பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துல இளங்கௌதமன்ங்கிற ஆசிரியர் புதுப்பிச்சதா அங்கயே கல்வெட்டு இருக்கு. விதானத்துல ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆளுங்க. பாதிக்கு மேல அழிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறதைப் பார்க்கணும்னா கொஞ்ச நேரம் அண்ணாந்து நிக்கணும், அப்பத்தான் ஒவ்வொண்ணா கண்ணுக்கு வரும். தாத்தா எங்களை அங்க நிக்க வச்சு "எத்தனை மீனு?"ன்னு கேப்பார். எண்ணி முடிக்கறதுக்குள்ள கழுத்து வலிச்சிரும்.

மலைக்கு மேல ஏழடிப்பட்டம். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், 17 இருக்கு. தலைமாட்டுல தலகாணி மாதிரியே செதுக்கி வச்சிருப்பாங்க. ஒரு படுக்கைல ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின தமிழி எழுத்து. அங்க போறதுக்குப் பாறைச் சரிவுல வெட்டின படி வழியா, கம்பியைப் புடிச்சுக்கிட்டு சுத்திப் போகணும். அப்பாயி ஏறாது. அத்தை மட்டும் செருப்பைக் கழட்டிட்டு விடுவிடுன்னு போயி, அங்க நின்னுக்கிட்டு "டேய், நம்ம வீடு தெரியுதுடா"ன்னு கத்தும். ஒரு மண்ணும் தெரியாது. நானும் "ஆமா அத்தை, தெரியுது"ன்னு சொல்லுவேன்.

அந்த லீவுல இன்னொரு விசேசம் ஆயுத பூஜை. சைக்கிள் கடை வச்சிருக்கவங்களுக்கு அதுதான் தீபாவளி. ஸ்பானர், பம்ப்பு, வைஸ், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பூசைத் தட்டுல சாமி படத்துக்கு முன்னாடி ஒரே ஒரு குட்டிக் காசு வைப்பாங்க. அம்மன் காசு. தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டை 1948 மார்ச்சு 3 வரைக்கும் தொண்டைமான் மகாராஜா ஆண்ட தனி சமஸ்தானம். அவங்களுக்குன்னு சொந்தமா ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்கு எழுத்துல 'விஜய'. ஒரு அணாவுக்கு இருபது காசு. நவராத்திரிக்கு அரண்மனைல ஜனங்களுக்கு அரிசியோட அம்மன் காசும் குடுப்பாங்களாம். எங்க அப்பாயியோட அம்மா அப்படி வரிசைல நின்னு வாங்கின காசு, அப்பாயி வழியா எங்க கல்லாப்பெட்டிக்கு வந்து சேர்ந்துச்சு.

வருசத்துக்கு ஒரு தடவை அதைப் புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கறது அத்தையோட வேலை. கல்யாணம் ஆகிப் போனப்புறமும் அதுதான் வந்து தேய்க்கும். வேற யாராவது தொட்டா, "அதுல அம்பாளோட மூக்கு தேஞ்சுரும், எனக்குத்தான் பக்குவம் தெரியும்"னு புடுங்கிக்கும்.

இனிமே கொசுவத்தியை அணைச்சுட்டு விசயத்துக்கு வர்றேன்.

2005 வாக்குல கவருமெண்டு பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் இலவச சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் வீட்டுக்கு ஒரு பைக்கு வந்துச்சு. வாடகை சைக்கிள் ஒண்ணொண்ணாப் பழைய இரும்புக்குப் போச்சு. ரிப்பேர் வேலை மட்டும் நின்னுச்சு. 2011ல தாத்தா போயிட்டார். டூர் மட்டும் நிக்கல, சைக்கிளுக்குப் பதிலா வேன். 2019 அக்டோபர் 2 தான் கடைசியா 'எல்லாரும்' கேக் வெட்டினது. 2020ல அப்பாயியும் போயிருச்சு.

2021ல ஊருக்கே வந்து வீட்லேருந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். ஓட்டு வீடு. மழைல ஒழுகுற தண்ணிக்கு வச்ச சட்டில டொக்கு டொக்குன்னு சொட்டும், மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்கும். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டலாம்னு நான்தான் ஆரம்பிச்சேன். பேங்க்ல லோன் கேட்டா, வீடு தாத்தா பேர்ல இருக்கு, வாரிசு எல்லாரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும்னாங்க. அதாவது சித்தப்பாவும் அத்தையும்.

நம்மளுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் எக்ஸெல் ஷீட்டாச்சே. செலவுக் கணக்கு போட்டேன். சிமெண்டு, கம்பி, கொத்தனார், பத்திரச் செலவு. அதுல ஒரு வரி 'சித்தப்பா பங்கு: 4,00,000'. அதுக்கு அடுத்த வரி 'அத்தை பங்கு: 0'.

யாரும் எதுவும் கேக்கல. "கட்டிக் குடுத்து, நகை போட்டு, சீர் செஞ்சாச்சு"ங்கிறது வீட்ல எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச பதில். எனக்கு சட்டம் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. அப்பா சுயமாச் சம்பாதிச்ச சொத்தை உயில் எழுதாம விட்டுட்டுப் போனா, மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும். 1956ஆம் வருசச் சட்டத்துலயே அது இருக்கு. பூர்வீகச் சொத்துலயும் சமபங்குன்னு தமிழ்நாட்டுல 1989ல, நாடு முழுக்க 2005ல கொண்டுவந்தாங்க. நானே நெட்ல தேடிப் படிச்சுட்டு, அந்த டேபை மூடிட்டு, அந்தக் கட்டத்துல பூஜ்யம் அடிச்சேன். நம்ம அத்தைதானேன்னு ஒரு தைரியம்.

அத்தை பத்திர ஆபீசுக்கு வந்துச்சு. போட்டோவுக்கு உக்காந்துச்சு. கைநாட்டு வச்சுச்சு, கையெழுத்தும் போட்டுச்சு. மையைத் தொடைக்கத் துணி குடுத்தேன், வாங்கிக்கல. முந்தானைலயே தொடைச்சுக்கிட்டு பஸ் ஏறிருச்சு. 2023 தை மாசம் கிரகப்பிரவேசத்துக்கு வந்து, ஒரு பித்தளைக் குடத்தை வச்சுட்டு, பந்தியில விருந்தாளி மாதிரி உக்காந்து சாப்ட்டுட்டுப் போயிருச்சு. அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. சண்டை போட்டிருந்தாக்கூட சமாதானம் பேசியிருக்கலாம். அது எதுவுமே சொல்லல. அக்டோபர் 2 மட்டும் வரல. 2021, 22, 23, 24. நாலு வருசம். போன் பண்ணா "ஒடம்பு சரியில்லடா", "மாமாவுக்கு ஷிப்ட்டுடா".

2025ல அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமி. அத்தைக்கு அம்பது வயசு. டேமேஜர்கிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டு ஊருக்குப் போனேன். கடைல பூசை. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் இருந்துச்சு. என் லேப்டாப்புக்கும் அம்மா குங்குமம் வச்சாங்க. தட்டுல அம்மன் காசு. கன்னங்கரேல்னு இருந்துச்சு. அம்பாள் இருக்கற பக்கம் எது, எழுத்து இருக்கற பக்கம் எதுன்னே தெரியல.

"நாளைக்கு அத்தையப் பார்க்கப் போறேன்பா"ன்னு சொன்னேன்.

அப்பா ஒரு வீலுக்குக் கோட்டம் பார்த்துக்கிட்டு இருந்தார். நிமிரல. வீல் சுத்தி நின்னப்புறம், "கேக்கு வாங்குனா முட்டை போடாததாப் பாத்து வாங்கு. புரட்டாசி"ன்னார். அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டாளியோட பழைய ஆல்டோவை எடுத்துக்கிட்டு விராலிமலை போனேன். அத்தை வீட்டுக் காம்பவுண்டு சுவத்துல ரெண்டு மயில். மலைல முருகனுக்குச் சுருட்டு படைக்கிற ஊர் அது, மயிலும் சுருட்டுக் கேக்குற மாதிரியே மொறைச்சுச்சு. அத்தை துணி காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும், "வாடா. எளைச்சுப் போயிட்ட"ன்னுச்சு. கேக்கைத் தொறந்து காட்டினேன். 'எல்லாரும்'. அதைப் பார்த்துட்டு மூடி வச்சிருச்சு.

நாலு வருசமா மனசுக்குள்ள ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயி, "அத்தை, உனக்கு வர வேண்டிய பங்கு... அப்ப நான்தான் கணக்கு போட்டேன். பூஜ்யம்னு போட்டேன். லோன் இருக்கறதால மொத்தமா முடியாது, மாசா மாசம் குடுத்துர்றேன்"னு உளறிக் கொட்டினேன். வேணாம்டா, எனக்கெதுக்குன்னு சொல்லும்னு நினைச்சேன். உண்மையைச் சொன்னா, சொல்லிரும்னு ஒரு ஓரத்துல நம்பிக்கிட்டும் இருந்தேன்.

அத்தை சொல்லல. "சரி, குடு. வாங்கிக்கிறேன். எங்கப்பா சம்பாரிச்சதுதானே"ன்னுச்சு. ஈரத் துணியை உதறிக் கொடில போட்டுச்சு. "அன்னிக்கு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே வேணாம்னு சொல்லிருப்பேன்டா. எல்லாரும் கையெழுத்து மட்டுந்தானே கேட்டீங்க."

எனக்கு வாய் வரல. அத்தை பொண்ணு உள்ளேருந்து, "டேய், நாலு வருசம் ஆச்சா உனக்கு?"ன்னு கேட்டுச்சு. அவளும் இப்ப வேலைக்குப் போறா. 'டேய்' மட்டும் மாறல.

கொஞ்ச நேரம் கழிச்சு அத்தையே, "புளிசோறு கிண்டிருக்கேன். கெளம்புங்க, சித்தன்னவாசல் போயிட்டு வருவோம்"னுச்சு. காலைலயே கிண்டியிருக்கு பாருங்க!

இப்ப அந்த ரூட்டு. விராலிமலைலேருந்து அன்னவாசல் போறதுக்கு இலுப்பூர் வழியாத்தான் போகணும். எங்க கடையைத் தாண்டித்தான் போகணும். ஊர் நெருங்க நெருங்க அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. நிறுத்தவா வேணாமான்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. ஸ்பீடை மட்டும் கொறைச்சேன். இருபதுல ஊர்ந்துக்கிட்டு இருந்தேன். கடை வாசல்ல அப்பா நின்னுக்கிட்டு இருந்தார். கைல ஒண்ணும் இல்ல. சும்மா ரோட்டையே பார்த்துக்கிட்டு.

"நிறுத்துடா"ன்னுச்சு அத்தை.

கண்ணாடியை எறக்கி, "அண்ணே, டயர்ல காத்து கொறையுது போலருக்கு. என்னான்னு பாரு"ன்னுச்சு.

அப்பா வந்து நாலு டயரையும் குனிஞ்சு அமுக்கிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"நல்லாப் பாரு."

அப்பா மறுபடியும் குனிஞ்சார். அந்தச் சக்கரத்தோட பக்கத்துலயே குந்தி உக்காந்துட்டார். அத்தை வெளிய பார்க்காமயே, "இவன் என்னமோ பணம் தர்றேங்குறான். நீ சொல்லித்தான் வந்தானா?"ன்னு கேட்டுச்சு.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நான் சொல்லிருக்கணும். சொல்லல"ன்னார்.

எழுந்து கடைக்குள்ள போனார். ஷட்டரை எறக்குற சத்தம் கேட்டுச்சு. விஜயதசமி அன்னிக்குக் கடையைச் சாத்தக் கூடாதுன்னு சொல்ற ஆளு. வந்து முன் சீட்ல உக்காந்தார். சட்டைப் பையிலேருந்து அந்தக் காசை எடுத்துப் பின்னாடி நீட்டினார். "கருத்துப் போச்சு. ஒருத்தருக்கும் பக்குவம் தெரியல."

அத்தை வாங்கித் தூக்குவாளியைத் தொறந்து, புளிசோத்துலேருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதுல வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சிருச்சு. அன்னவாசல் வர்ற வரைக்கும் தேச்சுச்சு. அழுதுச்சான்னு கேக்காதீங்க. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

மலை அடிவாரத்துல பூங்காவுல உக்காந்து கேக் வெட்டினோம். மெழுகுவத்தியை யாரும் ஊதல. அதா எரிஞ்சு அடங்கிச்சு. இந்தத் தடவையும் மெழுகு கிரீம் மேல ஊத்திச்சு. அம்பது வயசுல அத்தை ஏழடிப்பட்டத்துக்கு ஏறி, கம்பியைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டே, "டேய், நம்ம வீடு தெரியுதுடா"ன்னுச்சு.

ஒரு மண்ணும் தெரியல. "ஆமா அத்தை, தெரியுது"ன்னேன்.

டிஸ்கி 1: நவம்பர் மாசத்துலேருந்து அத்தை அக்கவுண்டுக்கு மாசா மாசம் ஒண்ணாம் தேதி பணம் போகுது. அனுப்புறது நான் இல்ல, அப்பா. நான் பாதி குடுக்கறேன். ஒரு மாசம் ரெண்டு நாள் தாமதம் ஆச்சு, போன் போட்டுக் கேட்டுருச்சு. அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு.

டிஸ்கி 2: அந்த எக்ஸெல் ஷீட்டை இன்னும் அழிக்கல. பூஜ்யத்தை மட்டும் மாத்திட்டேன்.

டிஸ்கி 3: உங்க வீட்லயும் 'நம்ம அத்தைதானே'ன்னு ஒரு கட்டம் இருந்தா, ஒரு போன் போட்டுப் பேசிருங்க. அப்புறம் வந்து பின்னூட்டம் போடலாம். வர்ட்டா!